முள்ளோடை நிறுத்தம்

கோரிமேட்டில் மாத்திரைச் சீட்டை மடித்துக் கொடுத்தபோது
அந்த அம்மா சொன்னார்:
"பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க,
அவளுக்குப் புரியிற வார்த்தையில."
எனக்குப் புரிகிற வார்த்தை ஒன்று
முதலில் கிடைக்கவேண்டும்.

கடலூர் பஸ். ஜன்னலோரம் நிறைமதி,
மடியில் கடலைப் பொட்டலம்.
தவளக்குப்பத்திலிருந்து மனசுக்குள் ஒத்திகை:
அப்பாவுக்கு ஒரு வியாதி,
சளி மாதிரி இல்லை,
சர்க்கரை மாதிரி, ஆனால் சர்க்கரையும் இல்லை...
கிருமாம்பாக்கம் வந்துவிட்டது.
நாக்கு காய்ந்துவிட்டது.

கன்னியக்கோயில் தாண்டியதும்
அவள் திடீரென்று பேசத் தொடங்கினாள்.
ஏழாம் வாய்ப்பாடு, கணக்கு மிஸ்ஸின் பஞ்சரான ஸ்கூட்டி,
யாரோ ஒருத்தி நோட்டில் வரைந்த கால் இல்லாத மயில்.
மூச்சு விடாமல், சத்தமாக,
என் முகம் தன் பக்கமே இருக்கும்படி.

முள்ளோடையில் பஸ் நின்றது.
அவள் தலைக்குப் பின்னால்
சிவப்பும் பச்சையுமாய்ப் பெயர்ப்பலகைகள் எரிந்தன.
லுங்கி மடிப்பை இறுக்கியபடி இரண்டு பேர் ஏறினார்கள்.
அந்த வாசனையும் ஏறியது,
நான் இடம் பிடித்து வைத்திருந்ததைப் போல
நேராக என்னிடம் வந்தது.
"அரையும் காலும் கூட்டினா முக்கால். சரியாப்பா? சரியா?"
சரி என்றேன்.
காலும் அரையும் முழுசும்
நான் வேறொரு கடையில் படித்த கணக்கு.

ரெட்டிச்சாவடியில் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.
ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.
இவ்வளவு நேரமும்
என்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா குடிச்சது..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும்ப்பா.
வண்டி ஸ்டாண்டு ஒரே தடவைல நின்னா ஹால்ல படிப்போம்.
ரெண்டுன்னா புக்கை மூடிடுவோம்.
மூணுன்னா லைட்டை அணைச்சிட்டுத் தூங்குற மாதிரி.
அகரன் எண்ணக் கத்துக்கிட்டதே அதுலதான்."

பெண்ணையாற்றுப் பாலம்.
மணலைப் பார்த்தபடி கேட்டாள்:
"அன்னைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டேன்ல.
அன்னைக்குத்தான நீ ரொம்ப...
அதனாலயா?"

எந்த அன்றைக்கு என்று எனக்கு நினைவில்லை.
அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை.
கோரிமேட்டு அம்மா சொல்லிக்கொடுத்த எதிலும்
ஜாமெட்ரி பாக்ஸ் வரவில்லை.
"இல்லடா. நீ கேக்காட்டியும் குடிச்சிருப்பேன்.
வாங்கிக் குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன்.
மழை பேஞ்சிருந்தாலும். பேயாட்டியும்."
"இனிமே?"
"நாப்பத்தோரு நாளா இல்ல. இன்னைக்கும் இல்ல.
நாளைக்கும், சத்தியமா..."
"சத்தியம் வேணாம்ப்பா.
வீட்ல நெறைய இருக்கு."

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
போலீஸ்காரர் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்த்தார்.
என் பையில் மாத்திரை அட்டை, துண்டு, ஒரு பாட்டில்.
மூடியைத் திறந்து மோந்தார்.
நிறைமதி கடலையை மெல்லாமல்
அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தண்ணிதான்," என்றார்,
"குடிக்கிற தண்ணி."
அதற்குப் பிறகுதான் அவள் மென்றாள்.

பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்த எக்ஸெல்லை எடுத்து
வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது.
வாசலில் தூக்கி ஸ்டாண்டு போட்டேன்.
மாத்திரை கொடுத்த நடுக்கம் கையில். வழுக்கியது.
மறுபடியும் வழுக்கியது.
மூன்றாவதில் நின்றது.

உள்ளே அஞ்சலாட்சி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.
ஹாலில் விளக்கு அணைந்தது.

"டேய் அகரா!"
செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள் நிறைமதி.
"இது அது இல்லடா.
மாத்திரைல கை நடுங்குது, அவ்ளோதான்.
லைட்டைப் போடு."

கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்தது.
நின்றுவிட்ட வண்டியை
நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.